பழுப்பு நிறம் யாருக்கு?

சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கின் இளையோர் மன்றத்தார் ஒரு திரைப்பட மாலையை ஏற்பாடு செய்திருந்தனர். ஈரானிய இயக்குநர் மஜித் மஜீதி 1997ஆம் ஆண்டு படைத்தளித்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ என்னும் படம் பங்கு மண்டபத்தின் வெள்ளைச் சுவரில் காட்டப்பட்டது. படம் முடிந்ததும் ஒரு போட்டியை அறிவித்தார்கள். பார்த்த படத்திற்கு ஆளுக்கொரு புதிய சுவரொட்டி வரைந்து ஒரு வாரத்திற்குள் தர வேண்டும்; அது பார்ப்பவர் உள்ளத்தில் குழந்தைப் பருவத்தின் நினைவை எழுப்ப வேண்டும். 23 சுவரொட்டிகள் வந்து சேர்ந்தன. பள்ளியின் ஓவிய ஆசிரியரும் நாமும் நடுவர்கள்.

முதற்பரிசைத் தேர்ந்தெடுக்க நமக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கல்லூரி மாணவர் ஒருவர் கணினியில் வடிவமைத்த படைப்பு அது. பழைய புகைப்படம் போன்ற பழுப்பு நிறப் பின்னணி. ஓரங்களில் கறை படிந்து மடங்கிக் கிழிந்தாற்போன்ற தோற்றம். ஒரு மூலையில் அரிக்கேன் விளக்கு. நடுவே சின்னஞ்சிறு காலணி ஒரு ஜோடி. மேலே அந்தக்காலச் சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் கண்ட வளைந்த எழுத்துகள். பார்த்த மாத்திரத்தில் நம் நெஞ்சு நெகிழ்ந்தது. ‘இதுவே முதற்பரிசு’ என்றோம். ஓவிய ஆசிரியரும் மறுக்கவில்லை.

பரிசளிப்பு முடிந்து எல்லாரும் கலைந்து சென்றனர். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நம்மிடம் வந்தாள். அவளும் போட்டியில் கலந்துகொண்டவள், பரிசு பெறாதவள். “சாமி, ஒண்ணு கேக்கலாமா? அந்தப் படத்துக்கு எதுக்குப் பழுப்புக் கலர்? அது பழைய காலத்துக் கதை இல்லையே. இப்பவும் நடக்குறதுதானே?” என்றாள்.

‘நினைவைக் காட்ட அந்த நிறத்தைப் பயன்படுத்துவது ஒரு மரபு’ என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தப் பதில் நமக்கே போதவில்லை. பல மாதங்கள் கழித்து எழுதும் இக்கட்டுரையை அவளுக்கு நாம் தரும் இரண்டாவது பதில் எனலாம்.

மாற்றுச் சுவரொட்டி

ஒரு படத்திற்கு அதன் தயாரிப்பாளர் வெளியிடும் சுவரொட்டி விற்பனைக்கானது. எந்த நடிகர், எந்தத் திரையரங்கு, எத்தனை காட்சிகள் என்று தெருவில் போவோரை அழைத்துச் சொல்வது அதன் வேலை. நம் சிறுவயதில், 1970களின் பிற்பகுதியில், சிவகாசியில் அச்சாகி வந்த சுவரொட்டிகள் அப்படித்தான் நம்மை அழைத்தன. மைதா பசை காயுமுன் ஆடுகள் வந்து அவற்றைத் தின்றுவிடும். ஆடு தின்றது போக எஞ்சிய அரை முகத்தைப் பார்த்துக் கதையைக் கற்பனை செய்துகொண்டே நாம் பள்ளிக்கு நடந்ததுண்டு. மாலையில் டூரிங் டாக்கீசில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்து அந்தக் கற்பனை சரியா என்று பார்ப்போம்.

மாற்றுச் சுவரொட்டி என்பது வேறு. படத்தைப் பார்த்து முடித்த ஓவியர், யாருக்கும் சீட்டு விற்க வேண்டிய கட்டாயமின்றி, அப்படம் தம்முள் விட்டுச்சென்றதை வரைவது அது. விளம்பரம் படத்திற்கு முன்னே நடக்கிறது. இது பின்னே வருகிறது. ஆகவே இது விமர்சனத்தின் ஒரு வகை என்று சொல்வதில் பிழையில்லை.

இக்கலை செழித்த முதன்மையான இடம் போலந்து நாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே திரைப்பட வினியோகம் அரசின் கைக்குச் சென்றது. அரசியல் தணிக்கை கடுமையாக இருந்த நாடுதான். ஆயினும் நடிகரின் முகத்தைப் பெரிதாகப் போடு என்று வற்புறுத்த அங்கே தயாரிப்பாளர் இல்லை. அந்த இடைவெளியில் ஓவியர்கள் புகுந்தார்கள். 1948ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த பன்னாட்டுச் சுவரொட்டிக் கண்காட்சியில் ஹென்ரிக் டோமாஷெவ்ஸ்கி ஐந்து முதற்பரிசுகளைப் பெற்றார். ‘காபரே’ என்னும் அமெரிக்கப் படத்திற்கு 1973ஆம் ஆண்டு விக்டர் கூர்கா வரைந்த சுவரொட்டியில் நடனமாதரின் கால்களே மடங்கி நாசிகளின் ஸ்வஸ்திகாவாகி நிற்கின்றன. கேளிக்கைக்குள் கொடுங்கோன்மை நுழைந்த கதையை ஒரே உருவத்தில் அவர் சொல்லிவிட்டார். வார்சாவின் விலானுஃப் பகுதியில் சுவரொட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1968ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது.

அண்மைக் காலத்தில் இக்கலைக்கு அமெரிக்காவில் ஒரு மறுபிறப்பு வாய்த்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் தோன்றிய மோண்டோ என்னும் நிறுவனம், பழைய படங்களுக்குப் புதிய ஓவியர்களைக் கொண்டு சுவரொட்டிகள் வரையச் செய்து, ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் குறைந்த படிகளே அச்சிட்டு விற்றது. திருமண அழைப்பிதழ் அச்சிடுவோர் அறிந்த முறைதான் இது: ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனித் திரை, நிறம் கூடினால் வேலையும் செலவும் கூடும். எனவே ஓவியர் எதை விடுவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலேய ஓவியர் ஆலி மாஸ் 2010ஆம் ஆண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் முதல் மூன்று படங்களுக்கு அவ்வாறு வரைந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரத்தின் தலை நிழலுருவாக நிற்க, அதற்குள்ளேயே படத்தின் நிலக்காட்சி அடங்கியிருக்கும். சிறுவயதில் அப்படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, இப்போது கையில் சம்பளத்துடன் வந்து அவற்றை வாங்கியது.

ஏக்கம் என்னும் நோய்

இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடந்த காலத்தை எண்ணி உருகும் உணர்வுக்கு மேலைநாட்டார் வழங்கும் ‘நோஸ்டால்ஜியா’ என்ற சொல் ஒரு மருத்துவச் சொல்லாகவே பிறந்தது. 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் அதை உருவாக்கினார். ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அயலூரில் தங்க நேர்ந்து, ஊர் நினைவால் மெலிந்து வாடியவர்களின் நோய்க்கு அவர் இட்ட பெயர்.

அன்று அந்த வலிக்கு மருந்து ஊர் திரும்புதல். இன்று நாம் ஏங்குவது ஊருக்காக அன்று, வயதுக்காக. அதற்குத் திரும்பும் வழியில்லை. திரும்ப இயலாததற்குச் சந்தையில் விலை அதிகம். சிறுவயதுப் பாத்திரங்களைப் பொம்மைகளாக்கி விற்கும் ஃபங்கோ என்னும் பெருநிறுவனம் 2022ஆம் ஆண்டு மோண்டோவை விலைக்கு வாங்கியதில் வியப்பொன்றுமில்லை. குழந்தைப் பருவம் என்பது பெரியவர்களுக்கு விற்கத்தக்க சரக்கு என்பதை வணிகர்கள் நன்கறிவர்.

வணிகத்தை நாம் பழிக்கவில்லை. ஓவியரும் உண்டு வாழ வேண்டுமன்றோ! நம் வினா வேறு. குழந்தைப் பருவத்தை நினைவூட்டும் ஒரு சுவரொட்டி, அந்தக் குழந்தை கண்டதைக் காட்டுகிறதா? அல்லது வளர்ந்தபின் நாம் இழந்துவிட்டதாக எண்ணுவதைக் காட்டுகிறதா? இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், ஆயினும் ஒன்றல்ல. குழந்தைக்குத் தன் பருவம் பழுப்பு நிறத்தில் தெரிவதில்லை. அதற்கு அது இன்றைய நாள், பளிச்சென்ற நாள், பல வேளைகளில் அச்சம் நிறைந்த நாள்.

மூன்று படங்கள்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற சுவரொட்டியை ஜான் ஆல்வின் வரைந்தார். வேற்றுலக உயிரின் விரலும் சிறுவனின் விரலும் ஒன்றையொன்று தொடும் காட்சி. உரோமையின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஆதாமின் படைப்பை நினைவிற்கொண்டு அமைந்த காட்சி அது. சிறுவனின் கைக்கு ஆல்வின் தம் மகளின் கையையே மாதிரியாக வைத்துக்கொண்டாராம். விற்பனைக்காக எழுந்த சுவரொட்டியும் கலையாக முடியும் என்பதற்கு இது சான்று. மைக்கலாஞ்சலோவின் ஓவியத்தில் இரு விரல்களும் தொடுவதில்லை. இடையே ஒரு நூலளவு வெளி உண்டு. இங்கே அவ்வெளி ஒளியால் நிரம்பியிருக்கிறது.

இப்படத்திற்குப் பின்னாளில் பலர் வரைந்த மாற்றுச் சுவரொட்டிகளில் நாம் மீண்டும் மீண்டும் காண்பது, முழுநிலவின் குறுக்கே பறக்கும் மிதிவண்டி. அழகுதான். ஆனால் ஸ்பீல்பெர்க்கின் நிறுவனமே அதைத் தன் இலச்சினையாக்கிக்கொண்ட பிறகு அதில் கண்டுபிடிப்பு ஏதும் எஞ்சவில்லை. அதே படத்தில் வேறொரு காட்சி உண்டு. ஒளிப்பதிவுக் கருவி பெரும்பாலும் சிறுவர்களின் கண் உயரத்திலேயே நிற்பதால், தாய் ஒருத்தியைத் தவிரப் பெரியவர்களின் முகங்கள் நெடுநேரம் நமக்குத் தெரிவதில்லை. துரத்தி வரும் அதிகாரியை நாம் முதலில் அறிவது அவர் இடுப்பில் தொங்கி ஒலிக்கும் சாவிக்கொத்தால் மட்டுமே. இருளில் ஓர் இடுப்பு, ஒரு சாவிக்கொத்து: இதை ஒருவர் சுவரொட்டியாக வரைந்தால், பெரியவர்களின் இடுப்பளவே நின்று உலகைப் பார்த்த நாள்கள் நமக்குத் திரும்ப வரும். அதில் இனிமை குறைவு, உண்மை மிகுதி.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955ஆம் ஆண்டு கல்கத்தாவில் வெளியாயிற்று. ராய் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய ஓவியர். விபூதிபூஷணின் அப்புதினத்தைச் சிறுவர்க்காகச் சுருக்கிய பதிப்பொன்றுக்கு 1940களில் படங்கள் வரையும் வேலை அவருக்கு வந்தது. அப்போது அவர் வரைந்தவற்றுள் சில பின்னர் திரையிலும் காட்சிகளாயின. இங்கே வரிசை தலைகீழ்: சித்திரம் முந்தியது, படம் பிந்தியது. இப்படத்தை நினைவுகூரும் மாற்றுச் சுவரொட்டிகளில் நாம் கண்டவற்றுள் பல, வெண்ணிற நாணற்பூக்களையும் தொலைவில் புகைவிட்டுச் செல்லும் இரயிலையும் வரைகின்றன. நாமும் அக்காட்சியில் மனம் பறிகொடுத்தவர்தாம். ஆனால் படத்தில் அப்பு என்னும் சிறுவன் நமக்கு முதலில் அறிமுகமாவது எப்படி? கிழிந்த போர்வைக்குள் உறங்குபவனை அக்காள் துர்கா எழுப்புகிறாள். போர்வையின் கிழிசலுக்குள் ஒரே ஒரு கண் திறக்கிறது. அந்தக் கண்ணை வரைபவர் இரண்டை ஒருங்கே வரைந்துவிடுவார்: வீட்டின் வறுமையை, அந்த வறுமைக்குள்ளிருந்து விழிக்கும் வியப்பை. நாணற்பூ நமக்கு அழகிய இழப்பு. கண்ணோ நம்மைத் திருப்பிப் பார்க்கிறது.

மூன்றாவதாக, குருக்களாகிய நமக்குச் சற்றே சங்கடம் தரும் படம்: ஜூசெப்பே தொர்னத்தோரேயின் ‘சினிமா பாரடைசோ’, 1988. சிசிலித் தீவின் சிற்றூரில் திரையரங்கின் கருவி இயக்குநர் அல்ஃப்ரேதோவுக்கும் தோத்தோ என்னும் சிறுவனுக்கும் இடையே மலரும் அன்பு அதன் கதை. ஊர்ப் பங்குக் குரு படங்களை முன்கூட்டியே தனியே அமர்ந்து பார்ப்பார். முத்தக்காட்சி வந்தால் கைமணியை ஆட்டுவார். மணி ஒலித்த இடமெல்லாம் வெட்டப்படும். இப்படத்தை எண்ணி வரைவோர் பெரும்பாலும் படச்சுருளையும், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் சிறுவனையும் வரைவார்கள். நம்மிடம் தூரிகை இருந்தால் நாம் அந்த மணியை வரைவோம். நினைவு என்பதே வெட்டியும் ஒட்டியும் அமைவதன்றோ? எதை வெட்டினோம் என்பதைச் சொல்லாத ஏக்கம் பாதி உண்மையே. ஏக்கத்தின் காவியமாகக் கொண்டாடப்படும் இப்படத்திலேயே, ஊரைவிட்டுப் புறப்படும் இளைஞனிடம் அல்ஃப்ரேதோ சொல்லியனுப்புவது என்ன? திரும்பி வராதே, எங்களை நினைத்து ஏங்காதே என்றுதான். இதை மறந்துவிட்டு அப்படத்துக்குப் பழுப்பு நிறம் பூசுவோர் நம்மில் பலர்.

மீண்டும் அந்த 23 தாள்கள்

இப்போது நம் போட்டிக்குத் திரும்புவோம். ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ கதையை அறியாதவர்க்காகச் சுருக்கிச் சொல்கிறோம். தெஹ்ரான் நகரில் அலி என்னும் சிறுவன், தங்கை சஹ்ராவின் காலணிகளைத் தைத்து வாங்கிவரும் வழியில் தொலைத்துவிடுகிறான். வேறு வாங்க வீட்டில் வழியில்லை. பெற்றோர்க்குத் தெரியாமல் அண்ணனின் ஒரே ஜோடியை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். தங்கைக்குக் காலைப் பள்ளி, அண்ணனுக்குப் பிற்பகல் பள்ளி. இடையே சந்தில் ஓடிவந்து மாற்றிக்கொள்வார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்று கேள்விப்பட்ட அலி, மூன்றாவதாக வரவே ஓடுகிறான். முதலாவதாக வந்து அழுகிறான். ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படம் இதுவே. தமிழிலும் ‘அக்கா குருவி’ என்னும் பெயரில் 2022ஆம் ஆண்டு மறுஆக்கம் பெற்றது.

அந்த மாணவி கேட்ட வினாவோடு, அலமாரியில் கட்டி வைத்திருந்த 23 தாள்களையும் மறுபடி விரித்தோம். பதினான்கு பேர் தொலைந்த அந்த இளஞ்சிவப்புக் காலணிகளையே வரைந்திருந்தனர். இரண்டாம் பரிசு பெற்ற படத்தில், தண்ணீர்த் தொட்டியில் நனையும் இரு பாதங்களைச் செம்மீன்கள் சூழ்ந்து நின்றன. படத்தின் இறுதிக் காட்சி அது. வென்றவனின் புண்பட்ட கால்களை மட்டும் காட்டி வெற்றியை மறைத்த அப்படைப்பு பரிசுக்குரியதே. மூன்றாம் பரிசு பெற்றது, சாக்கடை நீரில் அடித்துச் செல்லப்படும் ஒற்றைக் காலணி. துரத்தி ஓடும் சிறுமியை வரையாமல் விட்டதால் நாமே அவளாகி ஓட வேண்டியிருக்கிறது. அதுவும் நன்று.

பிறகு முதற்பரிசைப் பார்த்தோம். அதன் குறை இப்போதுதான் நமக்குத் தெரிந்தது. மஜீதி காட்டியது தம் காலத்துத் தெஹ்ரானை. கார்களும் மாடிக் கட்டடங்களும் நிறைந்த பெருநகரை. அரிக்கேன் விளக்குக்கு அதில் என்ன வேலை? பழுப்பு நிறம் படத்திலிருந்து வந்ததன்று; நம்மிடமிருந்து வந்தது. அந்த இளைஞர் கெட்டிக்காரர். நடுவர்கள் ஐம்பதைக் கடந்தவர்கள் என்பதை அவர் அறிவார். நம் டூரிங் டாக்கீசை, நம் மணல்மேட்டை, நம் பாட்டுப் புத்தகத்தை அவர் நமக்கே திருப்பித் தந்தார். நாமும் நம் நினைவுக்கே நாம் பரிசளித்துக்கொண்டோம். வறுமையைக் கடந்து வந்தவனுக்கு வறுமையும் இனிக்கத் தொடங்கிவிடுகிறது. ‘அந்தக் காலத்தில் செருப்பில்லாமல் நடந்தோம்’ என்று விருந்து மேசையில் பெருமையாகச் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது செருப்பில்லாமை முடிந்துபோன ஒன்றாகிவிடுகிறது. பழுப்பு நிறத்தின் ஆபத்து இதுவே. இன்னொருவரின் நிகழ்காலத்தை அது நம்முடைய கடந்தகாலமாக்கிவிடுகிறது.

கட்டின் அடியில் அந்த மாணவியின் தாள் இருந்தது. சார்ட் தாளில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டியது. முகம் ஒன்றுகூட இல்லை. பாவாடை ஓரங்களுக்குக் கீழே, ஒரே வரிசையாக, கால்கள், கால்கள், கால்கள். நடுவே ஒரு ஜோடி மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதான கேன்வாஸ் காலணி. முதற்சுற்றிலேயே இதை நாம் ஒதுக்கிவிட்டோம். ‘பாதியில் விட்ட படம்’ என்று குறிப்பும் எழுதியிருந்தோம். படத்தில், பள்ளி வரிசையில் நிற்கும் சஹ்ரா தலைகுனிந்து மற்றப் பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் காலணி யார் காலில் இருக்கிறது என்று தேடும் பார்வை. தன் கால் யார் கண்ணில் படுமோ என்று கூசும் பார்வை. 23 பேருள் சஹ்ரா கண்டதை வரைந்தவள் இவள் ஒருத்தியே. ஏனையோர் சஹ்ரா இழந்ததை வரைந்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தோம். பாவாடைகளின் நீலம் ஈரானியப் பள்ளிச் சீருடை அன்று. நம் பள்ளியின் நீலம். பலர் கால்களில் கறுப்புக் காலணி. சிலர் கால்களில் ரப்பர் செருப்பு. கடைசியில் நின்ற காலில், செருப்பின் வார் அறுந்த இடத்தில் சிறு கீற்றாக ஏதோ இருந்தது. போட்டியன்று அதை மைக்கறை என்று எண்ணியிருந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது தெரிந்தது: அது ஓர் ஊக்கு.

நினைவு திரும்பும் திசை

அப்படியானால் ஏக்கமே தவறா என்று வாசகர்கள் வினவலாம். அவ்வாறு நாம் கருதவில்லை. நினைவு எத்திசையில் நடக்கிறது என்பதே கேள்வி.

மீண்டும் போலந்துக்கே வருவோம். கேரி கூப்பர் நடித்து 1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹை நூன்’ படத்தைப் போலந்து மக்கள் திரையில் கண்டு பழகியிருந்தனர். ஊரே கைவிட்டபோதும் நண்பகல் வெயிலில் தனியே நடந்துவரும் காவல் அதிகாரியின் கதை. 1989ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அந்நாட்டில் தேர்தல் வந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் எதிரணியினர் போட்டியிட வாய்த்த முதல் தேர்தல். அப்போது ஓவியக் கல்லூரி மாணவராயிருந்த தொமாஷ் சார்னெட்ஸ்கி ஒரு சுவரொட்டி செய்தார். அதே கூப்பர், அதே நடை. கையில் துப்பாக்கிக்கு மாறாக வாக்குச்சீட்டு. மார்பில் சாலிடாரிட்டி இயக்கத்தின் சின்னம். பழைய படத்தின் நினைவை அவர் அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை, தெருவுக்குக் கொண்டுவந்தார். ‘திரையில் ஒருவன் தனியே நடந்ததைப் பார்த்துக் கைதட்டினாயே, இன்று நண்பகலில் நீ எங்கே?’ என்று அது ஒவ்வொருவரையும் கேட்டது. தேர்தலில் சாலிடாரிட்டி பெருவெற்றி பெற்றது.

நினைவு இப்படியும் நடக்கக்கூடும். கடந்ததை எடுத்துவந்து இன்றின் முன்னே நிறுத்தும் நினைவு அது. நம் மாணவி பெரிய அரசியல் எதையும் எண்ணி வரைந்திருக்க மாட்டாள். ஆயினும் தெஹ்ரானின் பள்ளி வரிசையை நம் பள்ளி வளாகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதில் அவள் சார்னெட்ஸ்கியின் வழியில் நடந்திருக்கிறாள். நம்மைப் போன்றோர்க்கு அது குழந்தைப் பருவத்தை நினைவூட்டியதா? ஆம், பழுப்புச் சுவரொட்டியை விடவும் அதிகமாகவே. பள்ளி வரிசையில் நின்று அடுத்தவன் காலைப் பார்த்து நம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட ஒரு காலைப்பொழுதை, நாற்பது ஆண்டுகளாக நாம் எவரிடமும் சொன்னதில்லை. மணல்மேட்டைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். நம் மணி எங்கே ஒலித்தது, எது வெட்டப்பட்டது என்று அந்தத் தாள் காட்டிவிட்டது.

மாற்றுச் சுவரொட்டி வரைய விழையும் இளையோர்க்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. கறையும் கிழிசலும் இட்டால் நினைவு வந்துவிடாது. படத்தில் வரும் குழந்தை எந்த உயரத்தில் நின்று, எதைப் பார்த்தது என்று கேளுங்கள். அது அஞ்சியதையும் விட்டுவிடாதீர்கள். வரைந்து முடித்தபின், அதே நிலையில் இன்றும் வாழும் ஒரு குழந்தை இதைப் பார்த்தால் என்ன எண்ணும் என்று ஒருமுறை நினைத்துப்பாருங்கள். நடுவர்களாக அமர்வோர்க்கும் ஒன்று சொல்வோம்: நம் நெஞ்சு உடனே நெகிழ்ந்தால், நெகிழ வைத்தது படைப்பா, நம் வயதா என்று சற்றுப் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

கொடுத்த பரிசைத் திரும்பப் பெறும் எண்ணம் நமக்கில்லை. அது அந்த இளைஞர்க்குச் செய்யும் அநீதி. அந்த மாணவியை அழைத்து, நடுவராக நாம் தவறிவிட்டோம் என்று சொன்னோம். சிரித்துக்கொண்டே “பரவால்ல சாமி” என்றாள். அவள் இசைவுடன் அவளது சுவரொட்டி இப்போது பங்கு மண்டபத்தின் வாசலில் இருக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பேச நம்மை அழைத்திருந்தார்கள். வழக்கமாக நாம் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பேசுவோம். அன்று பேசத் தொடங்குமுன் கீழே பார்த்தோம். வரிசை வரிசையாகக் கால்கள். ஊக்குகளை எண்ணினோம். எத்தனை என்பதைத் தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லியிருக்கிறோம். அடுத்த கூட்டத்திற்குள் அந்த எண்ணிக்கை குறைய வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.